ஈசிஜி படிக்க எந்தப் புத்தகம்?

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகர்,

மகள் எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்) பயிற்சிக்குத் தேர்வான செய்தி அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஈசிஜி, அதாவது இதயத்தின் மின்துடிப்பை அலைகளாகத் தாளில் பதியும் சோதனை, அதைப் படிக்கப் புத்தகம் கேட்டிருந்தாய். தொடக்கத்துக்கு ஒன்றே போதும்: ஹாம்ப்டன் எழுதிய ‘தி ஈசிஜி மேட் ஈசி’. 1973-இல் முதலில் வந்தது, இன்னும் புதுப்பதிப்புகள் வருகின்றன. பழைய பதிப்பு கிடைத்தாலும் வாங்கலாம், அலைகளின் வடிவம் மாறுவதில்லையே. மாரடைப்புக்கான அளவுகளையும் சிகிச்சையையும் மட்டும் பழையதிலிருந்து எடுக்கக் கூடாது. அதற்கு மலேசியச் சுகாதார அமைச்சின் ஸ்டெமி (எஸ்டி உயர்வோடு வரும் மாரடைப்பு) வழிகாட்டி (2019, நான்காம் பதிப்பு) இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எஸ்டி உயர்வுக்கு (கியூஆர்எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு மேலெழுவது) இப்போதைய கணக்கு இது: அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் (இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து காட்டும் பதிவுகள்) 1 மி.மீ.; வி2, வி3-இல் மட்டும் 40 வயதோ அதற்கு மேலோ ஆன ஆணுக்கு 2, அதற்குக் குறைந்த வயதானால் 2.5, பெண்ணுக்கு 1.5. தடித்த புத்தகங்கள் இப்போது வேண்டாம், அலமாரியில்தான் கிடக்கும்.

படிப்பதற்கு முன் ஈசிஜி எடுக்கப் பழகட்டும். நெஞ்சில் ஒட்டும் ஆறு மின்முனைகள்தான் வி1 முதல் வி6 வரை. தப்பாக ஒட்டி எடுத்த தாளை எந்தப் புத்தகமும் திருத்தித் தராது. கழுத்துக்குழியிலிருந்து மார்பெலும்பின்மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒட்டியிருப்பது இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து எண்ணி, நான்காம் இடைவெளியில் மார்பெலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்து வி4-ஐ ஒட்ட வேண்டும்: ஐந்தாம் இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில். வி3 அதற்கும் வி2-க்கும் நடுவே. வி5, வி6 இரண்டும் வி4-இன் மட்டத்திலேயே பக்கவாட்டில் போகும். விலாவின் வளைவோடு மேலே ஏறக் கூடாது. வி1, வி2 ஓர் இடைவெளி மேலே போனாலே ஆர் அலை சிறுத்து, டி அலை தலைகீழாகி, இல்லாத பழைய மாரடைப்பைக் காட்டிவிடும். கை ஒயர்களிலிருந்து வரும் லீடு 1 தலைகீழாகவும் ஏவிஆர் லீடு நிமிர்ந்தும் வந்து, நெஞ்சு லீடுகள் ஒழுங்காக இருந்தால், முதலில் கை ஒயர்கள் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

தாளைக் கையில் எடுத்ததும் வேகம் 25 (வினாடிக்கு மி.மீ.), உயரம் 10 (மில்லிவோல்ட்டுக்கு மி.மீ.) என்று அச்சாகியிருக்கிறதா பார்க்க வேண்டும். யாராவது 50-ஐ அழுத்தியிருந்தால் துடிப்பு பாதியாகத் தெரியும். அதன்பின் எப்போதும் ஒரே வரிசை: துடிப்பு வேகம், தாளம், அச்சு (இதய மின்னோட்டம் போகும் திசை), பிஆர் இடைவெளி, கியூஆர்எஸ் (கீழறைகளின் அலை; ஆர் அதன் உயர்ந்த முனை), எஸ்டி, டி, கியூடி இடைவெளி. சீரான தாளத்தில் 300-ஐ இரண்டு ஆர் அலைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களால் வகுக்கலாம். தாளம் தாறுமாறாக இருந்தால் 10 வினாடித் தாளில் உள்ள கியூஆர்எஸ்களை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். பி அலைகள் (மேலறைகளின் அலைகள்) கியூஆர்எஸ்ஸோடு சேராமல் தனி வழியில் போகின்றனவா என்று பார்க்க, வெற்றுத்தாளின் ஓரத்தில் மூன்று பி-க்குக் குறியிட்டு நகர்த்திப் பார்த்தால் போதும்.

பயிற்சிக்கு பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ‘ஈசிஜி வேவ்-மேவன்’ இணையதளம் நல்லது, விடை மறைந்திருக்கும். தன் முடிவை எழுதிவிட்டே அதைத் திறக்க வேண்டும். மெஷின் மேலே அச்சடிக்கும் முடிவையும் அப்படித்தான், மடித்து மறைத்துவிட்டுப் படிக்கட்டும். அதை நம்பிப் பழகிய கண் பிறகு எதையும் தேடாது. முடிந்தால் நோயாளியின் பழைய ஈசிஜியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்டேட் பக்கம் நீரிழிவுக்காரர்களை நிறையப் பார்ப்பாள். அவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

சேர்த்துவைக்கும் தாள்களை அன்றே நகல் எடுக்கச் சொல், பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் மறைத்து. தெர்மல் தாள் நம் ஊர் வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் சீக்கிரம் மங்கிவிடும்.

ஹாம்ப்டன் என்னிடம் ஒன்று இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணியம்