மது தண்டவதேயும் மரப் பலகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெருக்கடி நிலை குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 1975 ஜூனில் பெங்களூரில் கைதானவர்களாக வாஜ்பாயையும் அத்வானியையும் மட்டுமே குறிப்பிடுகிறது. நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காக அங்கு வந்திருந்து அவர்களுடனேயே சிறை சென்ற சோஷலிஸ்ட் உறுப்பினர் மது தண்டவதேயின் பெயர் அதில் இல்லை. காட்பாடியில் வசிப்பவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1955 கோவா விடுதலைச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டவர். 1971 முதல் மகாராஷ்டிரத்தின் ராஜாபூர் மக்களவைத் தொகுதியில் தொடர்ந்து ஐந்து முறை வென்றவர். போராட்டக்காரர்கள் பதவிக்கு வந்ததும் கோப்புகளுக்குள் கரைந்துவிடுவார்கள் என்ற பொதுவான குறை அவருக்குப் பொருந்தாது. 1977இல் ரயில்வே அமைச்சரானதும், 1974 மே மாத நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த தொழிலாளர்களைத் திரும்பப் பணியில் சேர்த்தார். அந்த முடிவின் அருமையை அரக்கோணம், ஜோலார்பேட்டை போன்ற ரயில்வே ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிதாக நான் கருதுவது, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் வெறும் மரப் பலகை இருந்த இடத்தில் இரண்டு அங்குல மெத்தை போட வைத்ததைத்தான். முதல் வகுப்பைத் தாழ்த்துவதல்ல, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே தம் நோக்கம் என்றார். 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே விடப்பட்ட கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் அது தொடங்கியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக மேற்கு வங்கம், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து ஓர் இரவுக்கும் மேலாகப் படுத்தே வந்து காட்பாடியில் இறங்கும் நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு, அந்த இரண்டு அங்குலம் எத்தகைய அரசியல் என்பது புரியும். பல ரயில்களில் சாதாரணப் படுக்கைப் பெட்டிகளைக் குறைத்து, குளிரூட்டப்பட்ட பெட்டிகளைக் கூட்டிவரும் இன்றைய ரயில்வே அதிகாரிகளுக்கும் இது புரிந்தால் நல்லது.

வி.பி. சிங் அரசில் நிதியமைச்சராக இருந்த காலம் அவருக்கு அவ்வளவு பெயர் தேடித் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கம் வைத்திருப்பதையும் நகைத் தொழிலையும் கட்டுப்படுத்திவந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது நீங்கியது மட்டும் நம் நகைத் தொழிலாளர்களுக்கு நிம்மதி. மேற்குக் கடற்கரையோரமாகச் செல்லும் கொங்கண் ரயில் பாதைக்காக அத்தனை பாடுபட்டவரை, அதன் பணிகள் நடந்துகொண்டிருந்த 1991இலேயே அவருடைய தொகுதி தோற்கடித்தது.

நெருக்கடி நிலையில் எரவாடா சிறையில் இருந்து, 1980இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவருடைய துணைவியார் பிரமிளா தண்டவதேயையும் சேர்த்து, இவ்விருவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வரும் இதழ்களில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.