தரங்கம்பாடிக் காசும் பணக்காரர் பட்டியலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வரி விதிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பூர் பின்னலாடை, ஆம்பூர் தோல், தூத்துக்குடி இறால் என்று பாதிக்கப்பட்டவர்களை வரிசையாக எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர்கள் கஷ்டத்தோடு என் கஷ்டத்தை ஒப்பிடவும் மாட்டேன். ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "வெளிநாட்டிலிருந்து பழைய காசு வாங்கிச் சேர்க்கும் பணக்காரர்களுக்கு வரி ஒரு பொருட்டே அல்ல." அந்தப் பணக்காரர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷனில் வாழ்கிறேன். என்னைப் பணக்காரன் என்று அச்சில் சொன்ன முதல் பத்திரிகை உங்களுடையதுதான். நன்றி.

நான் சேர்ப்பது தரங்கம்பாடிக் காசு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியதும், 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடைப்பட்ட காலத்தில் அங்கே காசு அடித்தார்கள். முதலில் ஈயம், பிறகு செம்பு. ஒரு பக்கம் அரசரின் கிரீடமும் பெயரெழுத்தும் இருக்கும். டேனிஷ் அரசர் ஏழாம் கிறிஸ்டியான் காலத்துப் பத்துக் காசு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கனமே தனி.

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் கடல் மணலில் கிடந்து தேய்ந்தவை. ஈயக் காசு என்றால் பொரிந்துபோய் இருக்கும். நல்ல செம்பெல்லாம் எந்தக் காலத்திலோ பாத்திரக்காரர் உலைக்குப் போய்விட்டது. எழுத்து தெளிவாக உள்ள காசு வேண்டுமென்றால் கோபன்ஹேகனில்தான் தேட வேண்டும். அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆக, மயிலாடுதுறையில் உள்ள என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் அடித்த காசை நான் டென்மார்க்கிலிருந்து இறக்குமதி செய்கிறேன். அதற்குச் சுங்க வரியும் கட்டுகிறேன்.

அந்த வரியை எப்படிப் போடுகிறார்கள் என்பது கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். காசின் விலையோடு ஏலக்காரரின் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தொகைமேல் சுங்க வரி. அந்த வரிமேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. அப்புறம் இத்தனையையும் சேர்த்த தொகைமேல் ஐஜிஎஸ்டி என்கிற ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி. அது போக, பார்சலைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தருவதற்குக் கூரியர்காரரின் கிளியரன்ஸ் கட்டணம். லட்ச ரூபாய்க்கு மொஹர் என்கிற பழைய தங்கக் காசு வாங்குபவருக்கு அனுப்பும் செலவும் கிளியரன்ஸும் கண்ணிலேயே படாது. தேய்ந்த நாலு காசு நாணயம் ஒன்றை ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கும் எனக்கு அவையே காசின் விலையைத் தாண்டிவிடுகின்றன. வரி யாருக்குப் பொருட்டு, யாருக்குப் பொருட்டல்ல என்பதைக் கட்டுரையாளர் சரியாகத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

போன முறை ஏலத்தில் எடுத்த சில காசுகள் வந்தபோது கூரியர் அலுவலகத்திலிருந்து போன். ஆதார் அனுப்புங்கள், பான் கார்டு அனுப்புங்கள் என்றார்கள். சரி, அனுப்பினேன். பிறகு, "இது கரன்சியா சார்? ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கிறதா?" என்றார்கள். இது இருநூறு வருஷத்துக்கு முந்தைய செம்புக் காசு, இதைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் டீ கூடத் தர மாட்டார்கள் என்றேன். அப்படியானால் செம்புப் பொருள் என்று போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். சேகரிப்பு நாணயங்களுக்கென்று சுங்க அட்டவணையில் 97-ஆம் அத்தியாயத்தில் 9705 என்று தனித் தலைப்பே இருக்கிறது என்பதை நான்தான் அவர்களுக்கு எழுதி அனுப்பினேன். அடுத்து, உற்பத்தியான நாடு எது என்றார்கள். "இந்தியா" என்றேன். "அப்புறம் ஏன் சார் டென்மார்க்கிலிருந்து வருகிறது?" என்றார் அந்தத் தம்பி. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல 1620-லிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதற்குள் கிடங்கு வாடகை ஓட ஆரம்பித்துவிட்டது, அதையும் என் தலையில்தான் கட்டினார்கள்.

இதற்கு ஒரு வழி இருந்தது. கோபன்ஹேகனில் என்னைப் போலவே சேர்க்கும் ஒரு பெரியவர் உண்டு. ஒரு காசை அன்பளிப்பாக அனுப்புகிறேன் என்றார். ஆனால் 2019 டிசம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கைப்படி தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி வெளிநாட்டிலிருந்து வரி கட்டாமல் எதுவும் இறக்க முடியாது. விலக்கு இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. மருந்து சரி. ஆனால் ராக்கிக்கு இருக்கிற மரியாதை தரங்கம்பாடிக் காசுக்கு இல்லை. அவரிடம் இதை விளக்கி எழுதுவதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது.

பதிலுக்கு நான் அவருக்கு ஒன்று அனுப்பி மாற்றிக்கொள்ளலாமா என்றால் அதுவும் முடியாது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனிமனிதர் நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது. இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, மனமார ஆதரிக்கிறேன். 1898-ல் புதுக்கோட்டை அருகே கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் எத்தனையோ இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சட்டம் முன்பே இருந்திருந்தால் அவை போயிருக்காது. ஆனால் ஒரு பழங்காசு வெளியே போனால் நாட்டுக்கு நஷ்டம் என்கிற அதே அரசு, அந்தக் காசு திரும்பி வந்தால் அதை லாபம் என்றல்லவா நினைக்க வேண்டும்? வாசலில் நிறுத்தி வசூல் செய்கிறது. பொது அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்க வரும் தொல்பொருளுக்கு மட்டும் வரி விலக்கு உண்டு. ஒரு அருங்காட்சியகத்தில் அவர்களிடம் உள்ள டேனிஷ் காசுகளைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. என் வீட்டுக் காசுகளைப் பார்க்க விண்ணப்பம் தேவையில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கட்டுரை அமெரிக்காவைப் பற்றியதுதானே, இவன் ஏன் மயிலாடுதுறையைப் பற்றிப் புலம்புகிறான் என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன். என் அண்ணன் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். என்னைப் பார்த்துக் கெட்டுப்போய் அவனும் இதே காசைச் சேர்க்கிறான். அமெரிக்காவுக்கு 800 டாலர் மதிப்பு வரையுள்ள பார்சல் வரியில்லாமல் வந்துகொண்டிருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் பல அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுக்கவே மறுத்தன. நம் அஞ்சல் துறையும் ஆகஸ்ட் 25-லிருந்து நிறுத்திவிட்டு அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கியது. இதில் பெரிய கூத்து, பார்சல் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து அவர்கள் வரி போடுவதில்லை, பொருள் உருவான நாட்டை வைத்துப் போடுகிறார்கள். அப்போது இந்தியப் பொருளுக்கு 50 சதவீதம். டேனிஷ் அரசர் பெயரில் அடித்து, டென்மார்க்கிலேயே கிடந்து, டென்மார்க்காரர் விற்கும் காசு, தரங்கம்பாடியில் பிறந்த பாவத்துக்கு இந்தியச் சரக்கு. அவன் வழக்கமாக வாங்கும் வியாபாரி, இந்தத் தலைவலியே வேண்டாமென்று அமெரிக்காவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளிக்கான சுங்க வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். நீங்கள் முகப்பில் வளையல் படம் போட்டுக் கொண்டாடினீர்கள். லாக்கரில் தூங்கப் போகும் தங்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது, அதை வாங்குபவர்களைப் பணக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. உங்கள் இணையப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது "வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயம் உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!" என்று செய்தி வருகிறது. அது 2012-ல் சகட்டுமேனிக்குப் புழக்கத்துக்கு வந்த நாணயம். பழைய நாணயம், நோட்டு விற்பனை என்ற பெயரில் நடக்கும் மோசடிகள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை நீங்களும் வெளியிட்டீர்கள். அதற்குக் கீழேயே லட்சாதிபதி செய்தியும் இருந்தது. நாணயம் சேர்ப்பவன் என்றாலே பணத்தில் புரள்பவன் என்ற எண்ணம் உங்கள் கட்டுரையாளருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் கேட்பது அரைப்பக்கம். வெளிநாட்டிலிருந்து பழைய நாணயம் வாங்குபவர் எந்தத் தலைப்பில் அறிவிக்க வேண்டும், என்னென்ன காகிதம் தயாராக வைத்திருக்க வேண்டும், தவறாக வரி போட்டால் யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு சுங்க அதிகாரியிடம் கேட்டு வெளியிடுங்கள். பெட்டிச் செய்தியாகப் போட்டாலும் போதும். முடிந்தால் அந்த 5 ரூபாய்ச் செய்தியையும் எடுத்துவிடுங்கள்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். இப்போதே தெருக்காரர்கள் ஆளுக்கொரு தேவி படக் காசோடு வந்து விலை கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர்,
மயிலாடுதுறை.