சாமிக்கு ஆதார் இல்லை

தமிழ்நாடு வேளாண்மை - உழவர் நலத் துறைக்கும் டெல்லியில் உள்ள வேளாண் அமைச்சகத்துக்கும்,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒன்பது மா நிலம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பம் எங்களுடையது. (வெளியூர்க்காரர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர்.) நிலம் கோயிலுடையது, பட்டா சாமி பேரில். தாத்தா காலத்திலிருந்து உழுவது நாங்கள்.

2019 பிப்ரவரியில், விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. அப்பா ஆதார், வங்கிப் புத்தகம், குத்தகை ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு பதிவு செய்யப் போனார். "நிலம் யார் பேர்ல?" என்று கேட்டார்கள். சொன்னார். "அப்ப சாமியைத்தான் ஆதாரோட வரச் சொல்லணும்" என்று அங்கிருந்த ஒருவர் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டார். வேறென்ன செய்வது?

அப்படிச் சொன்னவரைக் குறை சொல்லிப் பயனில்லை, விதியே அப்படி. நிலம் சொந்தப் பேரில் உள்ள குடும்பத்துக்குத்தான் பணம். நிறுவனங்களின் பேரில் உள்ள நிலத்துக்குக் கிடையாது. ஆக, கோயிலும் வாங்க முடியாது, உழுகிறவனும் வாங்க முடியாது. தனியார் நிலத்திலாவது, வருமான வரி கட்டாதவராக இருந்தால், டவுனில் குடியிருக்கும் பட்டாதாரர் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்கிறது. கோயில் நிலத்தில் அந்த ஆறாயிரம் யாருக்குமே இல்லை. மாநிலம் முழுக்கக் கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் இருப்பதாக அறநிலையத் துறை சொல்கிறது. அதில் பயிர் செய்கிறவர்கள் எத்தனை குடும்பம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"குத்தகைதாரர் யாரென்று எப்படி உறுதி செய்வது?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். 2020-இல் இதே திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் சுமார் 110 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயம் புரிகிறது. தனியார் நிலத்தில் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று மிராசுதார் நினைப்பார். ஆனால் எங்கள் குத்தகையை வசூலிப்பது அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில். யார் எவ்வளவு குத்தகை அளந்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. பாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பும்போது மட்டும் எங்கள் முகவரி சரியாகத் தெரிகிறது!

மற்ற வேலைகளுக்கு நாங்கள் விவசாயிகள்தான். 266 ரூபாய் 50 காசுக்கு யூரியா மூட்டை வாங்கக் கைரேகை போதும். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலை (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற சான்று) வைத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறோம், பயிர் காப்பீடும் செய்கிறோம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இங்கே 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. மேற்கு வங்கத்தில் மாநில அரசின் கிருஷக் பந்து திட்டத்தில் பதிவு பெற்ற பங்குச் சாகுபடியாளர்களுக்கும் பணம் உண்டு. அங்கே அது சாத்தியமாகிறது.

இப்போது விவசாயிக்குத் தனி அடையாள எண் என்கிறீர்கள். அதையும் பட்டாவோடுதான் இணைக்கிறீர்கள். நாளைக்குக் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் அந்த எண்ணைக் கட்டாயமாகக் கேட்டால், இருக்கிற அடங்கலும் செல்லாக்காசாகிவிடும். ஆறாயிரத்தைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேட்பது இதுதான். அறநிலையத் துறையின் குத்தகைப் பதிவேட்டை வாங்கி, அடங்கலோடு ஒத்துப் பாருங்கள். செத்துப்போன தாத்தா பேரிலேயே ரசீது ஓடுகிற குடும்பங்கள் நிறைய உண்டு, எங்களுடையதும் அப்படித்தான். வாரிசு பேருக்கு மாற்ற ஊரூராக முகாம் போடுங்கள். பிறகு அந்தப் பேர்களுக்கு எண் கொடுங்கள், உதவித்தொகையும் கொடுங்கள். டெல்லி விதியைத் திருத்தும்வரை மாநில அரசு தன் வேளாண் பட்ஜெட்டிலிருந்து தரலாம்.

பட்டாவை எங்கள் பேருக்கு மாற்றச் சொல்லவில்லை. நிலம் சாமியுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு குத்தகைச் சாகுபடியாளர்,
திருவாரூர் மாவட்டம்