திறக்காதே என்று சொன்னதற்குக் காரணம்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். உன் முகம் சுண்டிப்போனது குரலிலேயே தெரிந்தது. ரூமைக் காலி செய்துவிட்டுப் போன பெண்ணிடம் 2,500 ரூபாய்க்கு மைக்ரோவேவ் அவன் வாங்கியிருக்கிறாய். இரண்டு நாளாக உள்ளே பொறி பறக்கிறது. பின்பக்கம் கழற்றிப் பார்க்கட்டுமா என்றாய். கேட்டதில் தப்பில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே என் ரிப்பேர் கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டவள் நீ. மற்றப் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குத் தலையணை கொண்டுபோனார்கள், நீ ஸ்க்ரூடிரைவர் செட் கொண்டுபோனாய். எதையும் திறந்து பார் என்று சொல்லி வளர்த்துவிட்டு இப்போது திறக்காதே என்றால் காரணம் சொல்லத்தான் வேண்டும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பொறி ஏன் பறக்கிறது என்பது அநேகமாக எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய்.

மிக்ஸி, டேபிள் ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பிளக்கைப் பிடுங்கினால் செத்த பாம்பு. பயமில்லாமல் கை வைக்கலாம். மைக்ரோவேவ் அப்படி இல்லை. உள்ளே ஒரு கனமான டிரான்ஸ்பார்மர் நம் 230 வோல்ட்டை 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுகிறது. அதை டயோடும் கெபாசிட்டரும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி, சூடாக்கும் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற குழாய்க்குக் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிய விட ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள்தான், ஆனால் அந்த ரெசிஸ்டரே போயிருந்தால் பார்வைக்குத் தெரியாது. எனக்குத் தொழில் பழக்கியவர் ஒருநாள் இதில் அசந்துவிட்டார். பிளக் கையில்தான் இருந்தது. தூக்கி அடித்து எதிர்ச் சுவரில் போய் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு மைக்ரோவேவ் செட் வந்தால் அவர் தொடவே மாட்டார், என்னிடம் தள்ளிவிடுவார். நான் இன்றைக்கும் முதலில் டிஸ்சார்ஜ் செய்யாமல் உள்ளே விரல் நீட்டுவதில்லை. எனவே வெளிக்கூட்டின் ஸ்க்ரூவில் நீ கை வைக்காதே.

வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டுபிடித்தவரும் உன்னைப் போலக் கை சும்மா இருக்காத ஆள்தான். அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் ரேடாருக்கு மேக்னட்ரான் செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர். பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்காதவர், தானே படித்துக் கற்றுக்கொண்டவர். 1945-இல் ஓடுகிற மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த சாக்லேட் இளகிவிட்டது. நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயாக இருந்திருந்தாலும் பாகு இளகியிருக்கும் என்று வை. அடுத்து மக்காச்சோளத்தை வைத்துப் பொரித்தார், முட்டையை வைத்தார், அது வெடித்தது. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவ் அவன் ஆள் உயரம், 300 கிலோவுக்கு மேல் எடை. உன் சமையல் மேடையில் இருப்பது அதனுடைய பேத்தி.

இந்தப் பெட்டியில் அடுப்பு கிடையாது. 2,450 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை உணவில் உள்ள தண்ணீரை உலுக்கிச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளிருந்து வெளியே வேகிறது என்று சொல்வார்கள். அது தப்பு. அலை உணவின் வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வலுவாக இறங்கும். நடுவுக்குச் சூடு மெதுவாகப் பரவித்தான் போக வேண்டும். இன்னொன்று, அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். பெட்டிக்குள் அது மோதித் திரும்பும்போது சில இடங்களில் சூடு கூடும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. கடையில் ஒருமுறை தட்டைச் சுற்றவிடாமல் நாலு அப்பளத்தைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். அங்கங்கே மட்டும் பொரிந்து, நடுவில் பச்சையாக இருந்தது. தட்டு சுற்றுவது அதற்காகத்தான். தட்டு சுற்றாமல் நின்றால் கீழே இருக்கும் சக்கர வளையம் நகர்ந்திருக்கிறதா என்று பார், முக்கால்வாசி அதுதான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். சோற்றை மலை மாதிரிக் குவித்து வைக்காதே. ஓரமாக வளையம் போலப் பரப்பி நடுவில் குழி விடு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடு. பாதி நேரத்தில் எடுத்துக் கிளறு. முடிந்ததும் இரண்டு நிமிஷம் சும்மா விடு, அந்த இரண்டு நிமிஷத்தில்தான் நடுப்பகுதி சூடாகும். குழம்பு ஓரத்தில் கொதிக்கும்போது நடுவில் ஜில்லென்று இருக்கலாம். அக்கா குழந்தையோடு வந்தால் பால் பாட்டிலை இதில் வைக்க விடாதே. பாட்டில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு வாய் பால் நாக்கைப் பொசுக்கிவிடும்.

அடுப்புக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. அடுப்பில் ஒரு இட்லியோ எட்டு இட்லியோ ஒரே நேரம்தான். இதில் அளவு இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். இரண்டு இட்லிக்கு ஈரத் துணி போர்த்தி அரை நிமிஷம் போதும். சப்பாத்தி பத்து விநாடியைத் தாண்டினால் செருப்புத் தோல். வடையைத் தயவுசெய்து இதில் வைக்காதே, சவசவ என்று ஆகிவிடும், தோசைக்கல்தான் அதற்கு. ஆனால் அப்பளம்! ஒன்றொன்றாக அரை நிமிஷம், எண்ணெயே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் உன் அம்மாவே இந்தப் பெட்டியை ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா சொல்லி எழுதச் சொன்னது: ராத்திரி வடித்த சோற்றை மேடையிலேயே விட்டுக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடுகிறாயாமே. அது கூடாது. சோற்றில் ஒரு கிருமி உண்டு, பாசிலஸ் சீரியஸ் என்று பெயர். அதன் விதை கொதிநீரிலும் சாகாது. வெளியே கிடந்தால் முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வை. சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கு, மிச்சத்தை மறுபடி சூடாக்காதே.

பாத்திரத்துக்கு வருகிறேன். எவர்சில்வர் டப்பா கூடாது என்று உனக்குத் தெரியும். தெரியாமல் வைப்பது வேறு: தங்கக்கோடு போட்ட கப், உணவின் மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள், பாத்திரத்தில் மறந்துவிட்ட ஸ்பூன். மெலமைன் தட்டும் கூடாது, பார்க்கப் பீங்கான் போல இருந்தாலும் அது பிளாஸ்டிக் வகைதான். ஹோட்டல் பார்சல் டப்பாவில் குழம்பைச் சூடாக்குவதை விட்டுவிடு. குழம்பின் எண்ணெய் தண்ணீரைவிட அதிகச் சூடேறும், பிளாஸ்டிக் இளகும். கண்ணாடிக் கிண்ணம் இரண்டு வாங்கிக்கொள், காசு நான் போடுகிறேன். உன்னுடையதில் கன்வெக்ஷன், கிரில் இருக்கிறதா என்று நீ சொல்லவில்லை. இருந்தால் அந்த பட்டனை அமுக்கும்போது அது நிஜ அடுப்பாகிவிடும். "மைக்ரோவேவ் சேஃப்" என்று போட்ட பிளாஸ்டிக்கும் அதில் கூழாகும். என் கடைக்கு அப்படி வழிந்து ஒட்டிப்போன டப்பாவோடு மூன்று செட் வந்திருக்கிறது.

கதிர்வீச்சு, கேன்சர் என்று உன் ரூம்மேட் பயப்படுகிறாள் என்றாயே. இது எக்ஸ்ரே இனம் இல்லை, ரேடியோ இனம். சாப்பாட்டில் எதுவும் தங்காது. கதவில் உள்ள சல்லடையின் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர், 12 சென்டிமீட்டர் அலை அதில் நுழையாது. வெளிச்சத்துக்கு அந்த ஓட்டை தாராளம், அதனால் உள்ளே பார்க்க முடிகிறது. பயப்பட வேண்டியது கதவு கெட்டால்தான். ஓடும்போது கதவை இழுத்துப் பார், அந்தக் கணமே நிற்க வேண்டும். கீல் ஆடினாலோ, கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலோ ஓட்டாதே. கதவு ஸ்விட்ச் போய்விட்டால் அதை ஷார்ட் செய்து ஓட வைக்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நீ வாங்கியது பழைய செட், அதனால் சொல்கிறேன்.

பிளக்கை 16 ஆம்பியர் பாயிண்டில் நேராகச் சொருகு. லேப்டாப் போடுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதற்குத் தாங்காது. வெறும் பெட்டியாக ஓட்டாதே, அலை திரும்பி மேக்னட்ரானையே அடிக்கும். உள்ளே எதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் ஸ்விட்சை அணைத்துவிட்டு நில், காற்று இல்லாமல் தானே அடங்கும்.

இப்போது ஒரு உண்மை. என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பு சால்டரிங் அயர்ன் சுட்டது என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறேன்? பொய். ரிப்பேர் முடிந்த செட்டைச் சோதிக்க ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தேன். மூன்று நிமிஷம் ஆகியும் ஒரு குமிழிகூட வரவில்லை. செட் சரியாகவில்லை என்று நினைத்து எடுத்தேன், சரி, வீணாக்குவானேன் என்று காபித்தூளைப் போட்டேன். மொத்தத் தண்ணீரும் ஒரே பொங்காகப் பொங்கி என் கையில் விழுந்தது. வழுவழுப்பான தம்ளரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அமைதியாக நிற்கும். தூளோ ஸ்பூனோ பட்டதும் சேர்த்து வைத்துக் கொதிக்கும். முப்பது வருஷம் தொழில் செய்தவன் இப்படிச் சுட்டுக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீ தண்ணீர் வைத்தால் உள்ளே ஒரு மரக்குச்சி போட்டு வை, முடிந்ததும் ஒரு நிமிஷம் கழித்துத் தொடு. முட்டையும் இதே ரகம்தான். அவித்த முட்டையைச் சூடாக்கினால் வெளியே எடுத்துக் கடிக்கும்போதுகூட வெடிக்கும்.

ஏமாந்து வாங்கிவிட்டாயா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஃபுல் பவரில் ஒரு நிமிஷம் வை. வைப்பதற்கு முன்னும், கிளறிவிட்டுப் பின்னும் தெர்மாமீட்டரில் பார். சுமார் 10 டிகிரி ஏறினால் 700 வாட் வருகிறது, நல்ல செட். ஐந்துதான் ஏறினால் மேக்னட்ரான் களைத்துவிட்டது, அதற்குச் செலவு செய்யாதே. ஆனால் இதைப் பொறி நின்ற பிறகு செய்.

சரி, பொறி. கதவைத் திறந்தால் உள்ளே வலது பக்கச் சுவரில் சாம்பலும் பழுப்புமாக அட்டை போல ஒரு தகடு தெரியும். மைக்கா. அலை வரும் வாசலுக்கு அதுதான் திரை. மூடாமல் சூடாக்கிய குழம்பு அதில் தெறித்து, கருகிக் கரியாகி, அந்தக் கரியில்தான் பொறி பறக்கும். கரும்புள்ளி இருக்கிறதா பார். முந்தி வைத்திருந்த பெண் ஒருநாளும் துடைத்திருக்க மாட்டாள். இந்தக் கடிதத்தோடு ஒரு முழு மைக்காத் தகடு வைத்திருக்கிறேன், சாதாரணக் கத்தரிக்கோலிலேயே வெட்டலாம். பிளக்கைப் பிடுங்கு. பழையதை எடுத்துப் புதுத் தகட்டின் மேல் வைத்து அளவு வரைந்து வெட்டிப் பொருத்து. தகட்டுக்குப் பின்னால் பெயின்ட் எரிந்து இரும்பு தெரிந்தால் மட்டும் நிறுத்திவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பு. வெளிக்கூட்டைத் தொடவே வேண்டாம், எல்லாம் உள்பக்கத்திலிருந்தே முடியும். சில மாடலில் கிளிப், சில மாடலில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை நீயே கழற்று.

அப்பா

(இட்லிப் பொடி அம்மா வைத்தது. மைக்காவோடு ஒட்டாமல் தனியாகக் கட்டியிருக்கிறேன்.)