ஆளுமைக் கோளாறுக்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே பேச்சு சிகிச்சை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களின் மனநலம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில் மனச்சோர்வும் பதற்றமும் போதைப் பழக்கமும் விரிவாகப் பேசப்பட்டிருந்தன. பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் எனப்படும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஒரு பெண்ணின் தாய் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நேசிப்பவர்கள் தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற ஓயாத அச்சம், காலையில் உயிராக எண்ணியவரை மாலையில் பகையாகக் காண்பது, நெஞ்சுக்குள் நீங்காத வெறுமை, தாங்க முடியாத நேரத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை இதன் அடையாளங்கள். நம் வீடுகளில் இதற்கு வீம்பு, கொழுப்பு, செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று பல பெயர்கள் உண்டு. உறவினர்கள் அப்படிப் பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காயத்துக்குத் தையல் போடச் சென்ற என் மகளின் காதுபட, ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், “நாலு பேர் பார்க்கணும்னு செய்றதுதானே இதெல்லாம்” என்று சொன்னார்கள். தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் மனம் அவசரப் பிரிவின் வாசல்வரை இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. உடன் இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மாத்திரை உதவலாம். ஆனால் கோளாறுக்கான முதன்மை சிகிச்சை, முறையாகப் பயின்றவர் தொடர்ச்சியாக அளிக்கும் பேச்சு சிகிச்சைதான், அதாவது உரையாடல் வழியாக நடக்கும் உளவியல் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. எனும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைக்கிறது என்பதை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. தாமே இளம்வயதில் அத்தகைய துன்பத்தில் மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய்க்குறிகள் தணிந்தன, அந்தத் தணிவு இரண்டாண்டுகளாவது நீடித்தது. வேலையும் உறவும் சேர்ந்து சீரானது பாதிப் பேருக்குத்தான் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. ‘இது மாறாத குணம்’ என்று கைவிரிப்பவர்கள் முதல் செய்தியை அறிய வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இரண்டாவதை அறிய வேண்டும்.

டி.பி.டி. என்றால் வெறும் அறிவுரை அல்ல. வாரந்தோறும் தனி அமர்வு ஒன்றும், திறன்களைக் கற்றுத்தரும் குழு வகுப்பு ஒன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு நடக்கும். இடையில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். அன்றாடம் எழுந்த உணர்ச்சிகளின் வேகத்துக்கு எண் கொடுத்துக் குறித்து வர ஓர் அட்டை தருவார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்த அட்டையை என் மகள் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள். கோபம், அவமானம், பயம் என்ற வரிசையில் ‘யாரும் இல்லை’ என்று ஒரு கட்டத்தைத் தானாகச் சேர்த்திருந்தாள். வேகம் தலைக்கேறும்போது அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் நிரப்பி, மூச்சடக்கிச் சில நொடிகள் முகத்தை அமிழ்த்துவதும் அவள் கற்றவற்றில் ஒன்று. இதயத் துடிப்பு தணிந்து, அடுத்த பத்து நிமிடத்தைக் கடக்க அது இடம் கொடுக்கிறது. (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.)

இவையெல்லாம் எங்களுக்குக் கிடைத்தது வேறொரு பெருநகரத்தில் இருக்கும் சிகிச்சையாளரிடம், காணொளி வழியாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு அமர்வுக்கும் கைக்காசு கொடுத்து. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், வெளிநோயாளியாகப் பெறும் பேச்சு சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடைப்பதில்லை. ஆங்கிலம் தெரியாத, மாதச் சம்பளம் இல்லாத வீட்டுப் பெண் என்ன செய்வாள்?

மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் பணியிடங்களும் உண்டு. திறன் வகுப்பை நடத்த மருத்துவரே வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளரும் சமூகப் பணியாளரும் செவிலியரும் நடத்த முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு நாள் தமிழில் அத்தகைய குழு கூட வேண்டும். அதற்கான பயிற்சியையும் தமிழ்க் கையேட்டையும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அவசரப் பிரிவு ஊழியர்களுக்கு ஒரு நாள் வகுப்பாவது நடத்த வேண்டும். குடும்பத்தாரையும் விட்டுவிடக் கூடாது: அமெரிக்காவில் இந்நோயாளிகளின் உறவினர்களுக்கென 12 வார வகுப்பு இலவசமாக நடத்தப்படுகிறது, பயிற்சி பெற்ற உறவினர்களே அதை நடத்துகிறார்கள். வாதாடாமல் கேட்பது எப்படி, பிள்ளை செய்ததைச் சரி என்று சொல்லாமலே அதன் வேதனையை உண்மை என்று ஏற்றுக்கொள்வது எப்படி என்பதை யாரேனும் சொல்லிக்கொடுத்தால்தானே நமக்கும் வரும்?

இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ‘கவுன்சலிங்’ என்ற பலகையைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு முன்பு சிகிச்சை அளித்திருக்கிறாரா, எந்த முறையில், நெருக்கடி நேரத்தில் யாரை அழைப்பது என்று முதல் நாளே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவி எண் 14416இல் இரவிலும் தமிழில் பேசலாம்.

தங்கள் இதழுக்கு மாவட்டந்தோறும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். எந்த அரசு மருத்துவமனையில் எந்த நாளில் உளவியலாளர் இருக்கிறார், தமிழில் டி.பி.டி. அளிப்பவர் எவர், கட்டணம் எவ்வளவு, குழு வகுப்பு உண்டா என்று விசாரித்து ஒரு பட்டியலை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மாவட்டத்தில் நானறிந்த விவரங்களை அனுப்பித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருநெல்வேலி.