எண்ணெய்க் கடனும் எங்கள் கொழுந்தும்: வெளிவிவகார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வெளிவிவகார அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயக் காம்பராவில் பிறந்தவன் நான். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தார். அக்கா மகள் இன்றைக்கும் பறிக்கிறாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஈரானின் அரச எண்ணெய்க் கம்பனி மீது அமெரிக்கா போட்ட தடையைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கம்பனிக்கு நம் நாடு பட்ட கடனைத் தேயிலையில் அடைப்பதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். தேயிலை என்று நீங்கள் எழுதுகிற இடத்தில் எனக்கு என் வீட்டுப் பெண்களின் விரல்கள்தான் தெரிகின்றன. அதனால் எழுதுகிறேன்.

கொழும்புக்கு அருகேயுள்ள சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் ஓடத் தொடங்கியது. ஈரானின் இலகு ரக மசகு எண்ணெய்க்கென்று, அதாவது கச்சா எண்ணெய்க்கென்று, அளவெடுத்துக் கட்டிய நிலையம் அது. வேறு எண்ணெயும் காய்ச்சலாம்தான். ஆனால் நமக்கு வேண்டிய டீசலும் மண்ணெண்ணெயும் அதே அளவில் வராது. ஈரான் கடனுக்கும் எண்ணெய் தந்தது. ஆகவே பல வருடங்களாக நமக்கு வந்த மசகு எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது.

2011 டிசம்பர் 31ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஈரான் மத்திய வங்கி வழியாக எண்ணெய்ப் பணம் கொடுக்கும் எந்த நாட்டு வங்கிக்கும் அமெரிக்க வங்கிகளின் கதவு மூடப்படும் என்றது அது. 2012 ஜூலை முதல் ஐரோப்பிய நிறுவனங்கள் ஈரான் எண்ணெய்க் கப்பல்களுக்குக் காப்புறுதி கொடுப்பதையும் நிறுத்தின. அதே வருடம் செப்டெம்பரில், தேசிய ஈரானிய எண்ணெய்க் கம்பனி ஈரானியப் படைப் பிரிவான புரட்சிக் காவல்படையின் முகவர் என்று அமெரிக்கத் திறைசேரி அறிவித்தது. எண்ணெய் கிணற்றில் இருந்தது, கப்பலும் இருந்தது. பணம் போகும் பாதைதான் அடைபட்டது.

இங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். 2012 பெப்ரவரியில் ஓர் இரவில் மண்ணெண்ணெய் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாய்க்கு ஏறியது. சிலாபத்தில் மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். வாஷிங்டனும் தெஹ்ரானும் போட்ட சண்டைக்குச் சிலாபத்தில் ஒரு வீடு அழுதது. விலையை ஏற்றியதும், போராட்டத்தை அப்படிக் கையாண்டதும் நம் அரசாங்கம்தான். அந்தப் பொறுப்பைத் தடையின் தலையில் முழுவதும் போட்டுவிட நான் ஆயத்தமில்லை. ஆனாலும் தடை ஒரு நாட்டுக்கென்று எழுதப்பட்டாலும் அந்த நாட்டோடு நிற்பதில்லை என்பதை நாம் அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

2012 ஜூன் 11இல் அமெரிக்கா இந்தியா, தென்கொரியா, துருக்கி முதலிய ஏழு இடங்களுக்கு விலக்குக் கொடுத்தது. இலங்கையும் அதில் இருந்தது. ஈரான் எண்ணெயைக் குறைத்துக்கொண்டே போகிறோம் என்று காட்டினால்தான் அந்த விலக்கு நீடிக்கும். அதாவது, நமக்குப் பொருந்திய எண்ணெயை விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய விலக்கு. அந்தக் காலத்தில் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டிய சுமார் 25 கோடி 10 இலட்சம் டொலர் கொடுக்கப்படாமலே நின்றுபோனது. ஈரானோடு 2015இல் செய்த அணுசக்தி உடன்படிக்கைக்குப் பிறகு தடை தளர்ந்தது. 2018 மே மாதம் ட்ரம்ப் அந்த உடன்படிக்கையிலிருந்து விலகினார். நவம்பரில் தடைகள் முழுதாகத் திரும்பின. 2020 ஒக்டோபரில் அந்த எண்ணெய்க் கம்பனியைப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவந்தார்கள். நம் கடன் அப்படியே கிடந்தது.

அப்புறம் 2021 டிசம்பர். டொலர் இல்லாமல் அதற்கு முந்தைய மாதம்தான் சப்புகஸ்கந்தையையே மூடியிருந்தோம். அந்த நேரத்தில் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குப் போகும், அது கடனில் கழியும். ஈரானில் தேயிலையை வாங்குபவர் ரியாலில் கட்டுவார். இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் கிடைக்கும். இடையில் டொலரும் இல்லை, தடைப் பட்டியலில் உள்ள வங்கியும் இல்லை. தேயிலை உணவுப் பொருள், ஆகவே தடையை மீறியதாகாது என்று அரசாங்கம் விளக்கியது. கெட்டித்தனமான ஏற்பாடுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேயிலை கப்பலேற 2023 ஆகிவிட்டது.

மாதம் 50 இலட்சம் டொலர் என்பதைக் கொழுந்துக் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். கிலோ 5 டொலர் என்று வைத்துக்கொண்டால் பத்து இலட்சம் கிலோ தேயிலை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அக்கா மகளின் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அப்படியானால் மாதம் இரண்டரை இலட்சம் முழுப் பேர், ஐம்பது மாதத்துக்கு. அட்டை கடிக்க, மழையில் படங்கு கட்டிக்கொண்டு, சரிவில் நின்று எடுக்கும் கொழுந்து. ஒப்பந்தம் கையெழுத்தான அன்று நாட்சம்பளம் 1000 ரூபாய். அது 5 டொலர்கூட இல்லை. அடுத்த வருடம் ரூபாய் விழுந்ததும் 3 டொலருக்கும் கீழே போனது. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எண்ணெய்க் கடனை அடைப்பதற்குக் கொழுந்து பறிக்க வேண்டியவள் வீட்டில் குப்பி விளக்கு ஏற்ற எண்ணெய் இல்லை.

ஈரானுக்குப் போவதில் பெரும்பகுதி மலைநாட்டுத் தேயிலை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். அங்கே விரும்புவது தாழ்நிலத்து இலைத் தேயிலை. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் சிங்களச் சிறுதோட்டக்காரர் வளர்ப்பதுதான் அதில் அதிகம். அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலும் எங்கள் சனம் உண்டு. ஆகவே இதை மலையகத் தமிழரின் குறையாக மட்டும் நான் கொண்டுவரவில்லை. ஏலத்தில் ஒரு பெரிய வாங்குபவர் தடுமாறினால் இரண்டு பக்கத்துக் கொழுந்தும்தான் விலை இறங்குகிறது.

ஈரானியர்களும் நம்மைப் போலத் தேநீரில் உயிர் வைத்திருப்பவர்கள். காஸ்பியன் கடலோரம் லாஹிஜானில் அவர்களுக்கே தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து விதை கொண்டுபோய் அதைத் தொடக்கி வைத்த காஷெஃப் அல்சல்தானேவின் சமாதி இன்று அங்கே தேயிலை நூதனசாலை. அது போதாமல் நம்மிடமும் வாங்குகிறார்கள். அந்த நாட்டு அரசு தன் மக்களை, முக்கியமாகப் பெண்களை நடத்தும் விதத்தை நான் ஆதரிக்கவில்லை. தலைத்துணிச் சட்டத்தின் பேரில் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்ற இளம்பெண் இறந்தபோது என் பழைய மாணவிகளோடு உட்கார்ந்து அழுதவன் நான். ஆனால் அந்தப் பெண்களுக்கும் தடையால் மருந்து கிடைப்பது கஷ்டமாகத்தான் ஆனது. உணவுக்கும் மருந்துக்கும் தடை இல்லை என்று சட்டத்தில் இருக்கிறது. வங்கி பயப்படுகிறது. சட்டத்தில் இருக்கும் விலக்கு வங்கிக் கவுண்டரில் செல்லாமல் போகிறது. முன்பு தேயிலைப் பணம் துபாயைச் சுற்றி வந்ததும் இந்தப் பயத்தால்தான்.

2025 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் தடைகளும் ஈரான் மேல் திரும்பி வந்துவிட்டன. ஆகவே உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன்.

முதலாவது, சுவிட்சர்லாந்து செய்ததைச் செய்யுங்கள். அவர்கள் அமெரிக்கத் திறைசேரியோடு உட்கார்ந்து பேசி, ஈரானுக்கு உணவும் மருந்தும் அனுப்புவதற்கென ஒரு தனிப் பணப் பாதையை ஏற்படுத்தினார்கள். 2020 ஜனவரியில் முதல் தடவையாகப் புற்றுநோய் மருந்துக்கான பணம் அந்த வழியால் போனது. பெரிதாக ஓடிய பாதை அல்லதான். ஆனால் எழுத்தில் வாங்கினார்கள். தேயிலை தடைக்கு உட்பட்டதல்ல, அதற்கு உதவும் இலங்கை வங்கி தண்டிக்கப்படாது என்று எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். கொழும்பில் அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது, ஈரான் தூதரகமும் இருக்கிறது. இரு தரப்போடும் முகம் பார்த்துப் பேசக்கூடிய நிலையில் நம்மைப் போன்ற சிறிய நாடுகள் அதிகம் இல்லை. அடுத்த தடை வந்த பிறகு ஓடாமல் இப்போதே பேசுங்கள். அந்தப் பேச்சுக்குப் போகும் குழுவில் தேயிலைச் சபை ஆளோடு தோட்டத் தொழிலாளர் சார்பில் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது, கணக்கு. எத்தனை கிலோ போனது, எந்த ரகம், என்ன விலை, கடனில் எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு: இதை மாதாமாதம் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். அம்மா தன் கொழுந்துக் கணக்கை ஒரு பழைய கொப்பியில் எழுதி வைப்பார். எழுத்து முழுதாகத் தெரியாது, கோடு போட்டுத்தான் வைப்பார். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லி என்னைக் கூட்டிப் போவார். சில மாதம் வித்தியாசம் வரும், கேட்டு வாங்குவார். நாட்டுக் கடனை அடைக்கும் கொழுந்துக்கும் அப்படியொரு கொப்பி வேண்டும்.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் இடத்தில், நானே வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்