விடுபட்டுப்போன 1941

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்திரிய நடிகையர் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'சிஸ்ஸி' படங்களின் பேரரசி வேடம் தம்மைத் துரத்தாத இடம் தேடி ரோமி ஷ்னைடர் பாரீஸுக்குப் போன கதையும், ஹெடி லமார் ரேடியோ அலைத் தொழில்நுட்பம் ஒன்றுக்காக 1942இல் பெற்ற காப்புரிமையும் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் பவுலா வெஸ்ஸெலியைப் பற்றிய பத்தி, அவருக்குப் புகழ் தேடித்தந்த 1934ஆம் ஆண்டின் 'மாஸ்கராடெ' படத்திலிருந்து 1953இல் வியன்னாவின் புர்க் தியேட்டரில் அவர் சேர்ந்ததற்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. விஷயமே அந்த நடு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

1941இல் குஸ்டாவ் உட்சிட்ஸ்கி இயக்கிய 'ஹைம்கேர்' என்ற நாஜிப் பிரசாரப் படத்தில், போலந்தில் வாழும் ஜெர்மானிய ஆசிரியையாக வெஸ்ஸெலி நடித்தார். போலந்து மக்களைக் கொடியவர்களாகக் காட்டும் படம் அது. சிறையில் அடைபட்ட தம் மக்களிடம், சுற்றிலும் எல்லாமே ஜெர்மானியமாக இருக்கும் நாட்டுக்குத் திரும்பப்போவதாக அவர் கனவில் பேசுவதுபோல் பேசும் காட்சி உண்டு. அலட்டலே இல்லாத அந்த இயல்பான நடிப்புதான் அதிலுள்ள நஞ்சை இனிக்கச் செய்கிறது.

போருக்குப் பின் அவருக்கு விதிக்கப்பட்ட நடிப்புத் தடை நெடுநாள் நீடிக்கவில்லை. 1946இலேயே, இடதுசாரி ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகமொன்றில் மேடையேறினார். 1948இல் 'எக்காளமேந்திய தேவதூதன்' படத்தில், நாஜிகளிடம் சிக்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் யூத வம்சாவளிப் பெண்ணாகவே நடித்தார். இதைத் துணிச்சல் என்பதா, வேறு பெயர் சொல்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1985இல், வெஸ்ஸெலியின் குடும்பத்தை மனத்தில் வைத்து ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃப்ரீடெ யெலினெக் எழுதிய நாடகம் ஜெர்மனியின் பான் நகரில் அரங்கேறியபோது, ஆஸ்திரியாவில் பலருடைய கோபம் எழுதியவர் மீதே பாய்ந்தது. வெஸ்ஸெலியின் மூத்த மகளும் புர்க் தியேட்டர் நடிகையுமான எலிசபெத் ஓர்ட், யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்பொன்றுக்குத் தலைமை தாங்கினார் என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, நடிகை டோரோதியா நெஃபின் பெயரே கட்டுரையில் இல்லாதது. அவர் பிறந்தது மியூனிக்கில் என்பதால் விட்டிருந்தால், வாழ்நாளின் பெரும்பகுதியை நடிப்பில் கழித்து 1986இல் மறைந்ததும் வியன்னாவில்தான் என்பதை நினைவூட்டுகிறேன். அதே 1941இல், நாடுகடத்தல் உத்தரவு பெற்று மூட்டை கட்டிக்கொண்டிருந்த உடையலங்காரக் கலைஞரும் யூதருமான லில்லி வோல்ஃபை அவர் போகவிடாமல் தம் வீட்டிலேயே மறைத்துவைத்தார். ஒருவருக்குரிய ரேஷனை இருவரும் பகிர்ந்துண்டு 1945 வரை தாக்குப்பிடித்தார்கள். அந்நாட்களில் மாலைதோறும் ஒப்பனையிட்டு வியன்னாவின் ஃபோக்ஸ் தியேட்டர் மேடையில் நின்றவருக்கு, வீட்டிலும் எத்தகைய நடிப்பு தேவைப்பட்டிருக்கும்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை அவர் வெளியே பேசவில்லை. 1979இல்தான் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது.

வியன்னா அரங்குகள் பத்தாண்டுகளாக ஒதுக்கிவைத்திருந்த பிரெக்டை 1963இல் ஃபோக்ஸ் தியேட்டர் மீண்டும் மேடையேற்றியபோது, அவருடைய புகழ்பெற்ற நாடகத்தின் நாயகி மதர் கரேஜாக வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவரும் நெஃப்தான். சில ஆண்டுகளில் பார்வை முற்றிலும் போன பிறகும் அவர் நடித்துக்கொண்டிருந்தார். அடுத்த இதழில் அவருக்கு அரைப்பக்கமாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மதுரை